முள்ளெலி: அடையாளம் காண, வலையிலிருந்து விடுவிக்க

முள்ளம்பன்றி வேறு, முள்ளெலி வேறு. முள்ளம்பன்றி கிழங்கும் வேரும் தின்னும்; அதன் நீள முள் கழன்று தரையில் கிடக்கும். முள்ளெலி இரண்டு கைக்குள் அடங்கிவிடும். முள் 2 செ.மீ. அளவுதான், எளிதில் கழலாது. பெயரில்தான் எலி, உறவு மூஞ்சூறோடு. தென்னிந்தியாவில் மட்டுமே உள்ள இனம்.

கூர்மூக்கு, வட்டக் காது, வெள்ளையும் பழுப்பும் பட்டையிட்ட முள். உச்சந்தலையில் முள்ளில்லாமல் ஒரு சின்ன வகிடு இருக்கும், அதைப் பாருங்கள். வயிற்றில் முடி சொற்பம்.

ராமநாதபுரம் மாவட்டச் சாயல்குடிப் பக்கம்போல பனை வடலியும் உடைமரமும் கலந்த காய்ந்த நிலம்தான் இதற்கு ஏற்றது. மழை விட்ட ராத்திரி, இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தேடுங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் மிரளாது. பூட்ஸ் கட்டாயம், சுருட்டை விரியனும் அதே நேரத்தில்தான் நடமாடும். வண்டு, கறையான், வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி தின்னும். கருத்த எச்சத்தைக் குச்சியால் பிளந்தால் வண்டின் ஓடு பளபளக்கும். சில சமயம் எச்சிலை நுரைத்துத் தன் முள்மீதே பூசிக்கொள்ளும். அதன் வழக்கம் அது, வெறிநோய் இல்லை.

கடலோரத்தில் பழைய மீன்வலையைக் கொல்லைக்கு வேலியாகக் கட்டுவார்கள். அதில் சிக்கினால் இழுக்காதீர்கள். இழுத்தால் சுருண்டுகொள்ளும், நூல் இன்னும் இறுகும். முதலில் சுற்றி உள்ள வலையை வெட்டி, நான்காய் மடித்த துண்டால் வலைத்துண்டோடு தூக்கி அட்டைப்பெட்டியில் வையுங்கள். சத்தமில்லாத இடத்தில் விட்டால் தானாக விரியும். அப்போது மழுங்கிய நுனிக் கத்தரியால் ஒவ்வோர் இழையாக வெட்டுங்கள். அக்குளையும் கழுத்தையும் மறக்காதீர்கள்; மெல்லிய நைலான் இழை அங்கேதான் முள்ளுக்கடியில் மறைந்திருக்கும்.

காலில் நூல் இறுகிய தடம் இருந்தால் உடனே விடக்கூடாது. ரத்த ஓட்டம் நின்ற இடம் ஓரிரு நாள் கழித்தே வீங்கி அழுகும். வனத்துறைக்குச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை தட்டில் தண்ணீர் போதும். பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்தால் கக்குவான் போகும் என்று யாராவது வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் அது.

காயமில்லை என்றால் இருட்டியபின் அது சிக்கிய இடத்திலேயே விடுங்கள். பிறகு வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். ஆட்டுக்குட்டி நுழையுமே என்றால் அந்த இடைவெளியில் உடைமுள் போட்டு வையுங்கள். முள்ளெலிக்கு அது வாசல்.