மலைக்கள்ளனின் ஜாடை: மார்பளவுச் சிலை செய்யத் தொடங்குவோருக்கு

கோவை பட்சிராஜா ஸ்டுடியோ தயாரித்து 1954-இல் வெளியான ‘மலைக்கள்ளன்’ படத்தின் நாயகன் எம்.ஜி.ஆரை, அலமாரியில் வைக்கத்தக்க மார்பளவுச் சிலையாகப் பாலிமர் களிமண்ணில் (ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் வகைக் களிமண்) செய்வோம். புதியவர்கள் பலர் புருவத்திலும் மீசையிலும் தொடங்கிவிடுகிறார்கள். ஜாடை குடியிருப்பதோ எலும்பில்.

முதலில் நேர்முகம், பக்கவாட்டு, முக்கால் பக்கம் என மூன்று கோணங்களில் படங்களைச் சேகரியுங்கள். முகவாயிலிருந்து உச்சந்தலை வரை 8 செ.மீ. இருக்குமாறு அச்சிட்டுக்கொண்டால், கவராயத்தால் அளந்து அப்படியே களிமண்ணில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து, மரப்பலகையில் கட்டுக்கம்பியை முறுக்கி நிறுத்தி, அதன்மேல் அலுமினியத் தாளை இறுகக் கசக்கி மண்டையையும் தோளையும் உருவாக்குங்கள். இந்த உட்கூடு இறுதி அளவைவிட எல்லாப் பக்கமும் 6 மி.மீ. சிறியதாக இருந்தால், மேலே பூசும் களிமண் ஒரே தடிமனில் அமைந்து சீராக வேகும், வெடிப்பும் குறையும்.

கண்கள் தலை உயரத்தின் சரிபாதியில் அமையும். நெற்றியில் ஏற்றிவைப்பது எல்லோரும் செய்யும் பிழை. முக அகலம் ஏறத்தாழ ஐந்து கண்களின் அகலம். கண்ணை வாதாம்பருப்பு வடிவில் கீறாமல், 8 மி.மீ. எஃகுக் குண்டுகள் இரண்டைப் பதித்து (பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையில் பேரிங் குண்டுக்குப் பஞ்சமில்லை), மெல்லிய களிமண் பட்டைகளை இமைகளாகப் போர்த்துங்கள். கடைக்கண்ணில் மேலிமை கீழிமையின்மீது சற்றே படிய வேண்டும். எம்.ஜி.ஆரின் முகவாய்க் குழியையும் விரலால் குத்த வேண்டாம். இருபுறமும் சிறு மேடு வைத்தால் குழி தானே பிறக்கும். ஆரஞ்சுத் தோலை இலேசாக அழுத்தினால் சருமத் துளைகள் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கைபேசியில் படம் எடுப்பவர்கள் இரண்டு மீட்டர் விலகி நின்று ஜூம் செய்ய வேண்டும்; அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும், நல்ல மூக்கைச் செதுக்கிக் கெடுத்துவிடுவீர்கள்.

சித்திரை வெயிலில் களிமண் குழைந்தால் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். திருப்பூர்ப் பக்கத்தவர்கள் கையருகே கிடக்கும் பனியன் வேஸ்ட்டால் கை துடைக்க வேண்டாம். பஞ்சுத் தூசி களிமண்ணில் ஒட்டினால் எளிதில் போகாது.

சுடுவதற்குக் களிமண் உறையில் அச்சிட்டுள்ள வெப்பநிலையையே பின்பற்றுங்கள். பல வகைகளுக்கு 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. தடிமனுக்கு 15 நிமிடம் என்பது கணக்கு. கருகினால் எரிச்சலூட்டும் புகை வரும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, ஓவனிலேயே ஆறவிடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளை என்பதால் ஆடையின் நிறம் உங்கள் விருப்பம். சருமத்துக்கு அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, நெற்றியில் மஞ்சள் சாயலும் கன்னத்திலும் மூக்கிலும் சிவப்புச் சாயலும் தாடையில் நீலச் சாயலும் தெரியப் பல பூச்சுகளாகப் பூசுங்கள். முகத்துக்கு மங்கலான வார்னிஷ் அடித்து, அது காய்ந்தபின் கண்மணியில் மட்டும் பளபளக்கும் வார்னிஷை ஒரு சொட்டு வையுங்கள்.