பார்ட்ஸ் சேர்த்து பைக் கட்டும்போது வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வண்டியின் ஃப்ரேம், இன்னொன்றின் இன்ஜின், வேறொன்றின் ஸ்விட்ச் பாக்ஸ் என்று சேர்த்துப் பழைய பைக்கைக் கட்டுகிறவர்கள் இன்ஜின் வேலையைப் பொறுமையாகத்தான் செய்கிறார்கள். வயரிங் என்று வந்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி) பொருந்துகிறதா, கலர் ஒத்துப்போகிறதா, சரி, சொருகிவிடுவோம் என்று இறங்கிவிடுகிறார்கள். ஒரே வண்டியின் ஒரிஜினல் ஹார்னஸ் (மொத்த ஒயர் கட்டு) என்றால் அப்படிச் செய்யலாம். மூன்று வண்டிகளின் பாகங்கள் சேரும் இடத்தில், கப்ளர் பொருந்துவதால் அது சரியான இணைப்பு ஆகிவிடாது.

முதலில் கலரை எடுத்துக்கொள்வோம். ஹோண்டாவில் எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் லைன்) பச்சை. யமஹாவில் எர்த் கறுப்பு. சுசுகியில் பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக்கோடு, கவாசாகியில் கறுப்பில் மஞ்சள்கோடு. ஹோண்டாவிலும் கறுப்பு ஒயர் உண்டு, ஆனால் அது சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் வரும் ஒயர். இப்போது ஹோண்டாவின் இக்னிஷன் ஸ்விட்சை யமஹா ஹார்னஸில் வைத்து, கறுப்புக்குக் கறுப்பு என்று இணைத்தால் என்ன ஆகும்? சாவியைத் திருப்பிய நொடியில் பேட்டரி பாசிட்டிவ் நேராக எர்த்தில் விழும். ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் ஹார்னஸே போய்விடும்.

அதனால் இணைக்கும் முன் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு வண்டிகளின் சர்க்யூட் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒயரின் கலரை எழுதாமல் அது செய்யும் வேலையை எழுதுங்கள்: பேட்டரி நேர் லைன், சாவிக்குப் பின் லைன், ஹெட்லைட் ஹை பீம், நியூட்ரல் ஸ்விட்ச் என்று. படம் கிடைக்காத ஸ்விட்ச் பாக்ஸ் என்றால் மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி எந்த இரண்டு ஒயர் சேருகிறது என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான். பிரிக்கும்போதே கப்ளரின் இரண்டு பாதியிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிட்டால் பின்னால் பாதி குழப்பம் இருக்காது.

கில் ஸ்விட்ச்

ஹேண்டில்பாரிலிருந்தே இன்ஜினை நிறுத்தும் இந்த ஸ்விட்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஒரு நல்ல சி.டி.ஐ. யூனிட்டை (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டியை) இழந்திருக்கிறேன்.

சி.டி.ஐ. இரண்டு வகை. ஏ.சி. வகைக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டுக்குள் இருக்கும் தனிக் காயிலிலிருந்து வருகிறது. பேட்டரியே இல்லாமலும் ஸ்பார்க் வரும். டி.சி. வகை பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி.

இன்ஜினை நிறுத்தும் முறையிலும் இரண்டும் நேர் எதிர். ஏ.சி. வகையில் கில் ஸ்விட்ச் ஒரு ஒயரை எர்த்துடன் சேர்த்து ஸ்பார்க்கை நிறுத்துகிறது. டி.சி. வகையில் கில் ஸ்விட்ச் 12 வோல்ட் லைனைத் துண்டித்து நிறுத்துகிறது. ஹோண்டாவின் கறுப்பில் வெள்ளைக்கோடு ஒயரைப் பாருங்கள். ஏ.சி. வகை சி.டி.ஐ. உள்ள சின்ன வண்டிகளில் அது எர்த் ஆக வேண்டிய கில் ஒயர். பெரிய வண்டிகளில் கில் ஸ்விட்சைத் தாண்டி 12 வோல்ட்டைக் கொண்டுபோகும் ஒயரும் அதே கலர்தான். ஒரே கம்பெனி, ஒரே கலர், எதிரெதிர் வேலை.

நான் பெரிய வண்டியின் வலது பக்க ஸ்விட்ச் பாக்ஸை ஏ.சி. வகை சி.டி.ஐ. இருந்த வண்டியில் போட்டேன். கறுப்பு வெள்ளைக்குக் கறுப்பு வெள்ளை, கச்சிதமாக உட்கார்ந்தது. கில் ஒயருக்குள் 12 வோல்ட் போனது. அதற்குப் பிறகு அந்த யூனிட்டிலிருந்து ஸ்பார்க் வரவே இல்லை. தப்பு எங்கே என்று தெரியாமல் பிளக், காயில், ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து இரண்டு வாரம் போனது. ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் முதலிலேயே மீட்டரில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்: ஆஃப் நிலையில் சேருகிறதா, ரன் நிலையில் சேருகிறதா? ஆஃபில் சேர்ந்தால் எர்த் செய்யும் வகை. ரன்னில் சேர்ந்தால் லைனைத் துண்டிக்கும் வகை.

பெயிண்ட் மேல் எர்த்

ஃப்ரேமைப் புதிதாக பவுடர் கோட்டிங் செய்து அழகாகக் கொண்டுவருவார்கள். எர்த் ஒயரின் லக்கை (முனையில் இருக்கும் உலோக வளையத்தை) அந்த கோட்டிங் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்குவார்கள். பவுடர் கோட்டிங் நல்ல இன்சுலேட்டர். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போகும், அதனால் நியூட்ரல் விளக்கு எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் துடிக்கும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கும். ஆள் ஃப்ளாஷரை (இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பாகத்தை) மாற்றுவார், பல்பை மாற்றுவார், கடைசியில் ஹார்னஸையே மாற்றுவார்.

லக் உட்காரும் வட்டத்தை மட்டும் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு பிடிக்காது. இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் தனியாக ஒரு தடித்த கேபிள் வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. சரிபார்க்க, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை ஹெட்லைட்டின் எர்த்திலும் வைத்து ஹெட்லைட்டைப் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ எர்த் சரியில்லை.

பீப் அடித்தால் போதாது

மல்டிமீட்டர் பீப் சத்தம் ஒயர் எங்கேயிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க உதவும். ஒயர் நல்லதா என்று அது சொல்லாது. இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். பழைய ஹார்னஸில் கப்ளருக்குப் பக்கத்தில் இன்சுலேஷனைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த ஒயரில் சோல்டரும் ஒட்டாது, கரண்டும் ஒழுங்காகப் போகாது. நல்ல செம்பு வரும்வரை வெட்டுங்கள், வராவிட்டால் ஒயரையே மாற்றுங்கள். சோதிக்க 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றே போதும். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். அது முழு வெளிச்சத்தில் எரிந்தால் அந்த லைனை நம்பலாம்.

இணைப்புகளில் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். சோல்டரிங் நல்லதுதான், ஆனால் ஈயம் ஒயருக்குள் ஏறிய இடம் விறைத்துவிடும், அதிர்வில் அந்த விளிம்பில் முறியும். சரியான கருவியால் அழுத்திய கிரிம்ப்தான் பைக்கில் நிலைக்கிறது. சோல்டர் செய்தே ஆக வேண்டும் என்றால் அந்த இடம் அசையாதபடி ஸ்லீவ் போட்டுக் கட்டுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போடாதீர்கள். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயர். மெயின் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஆர்.ஆர். யூனிட்டை (மேக்னட்டின் ஏ.சி. கரண்ட்டை டி.சி. ஆக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை) மாற்றும்போது மேக்னட் காயில் எந்த வகை என்று பாருங்கள். மூன்று மஞ்சள் ஒயர் வரும் த்ரீ ஃபேஸ் காயிலில் எந்த ஒயரும் இன்ஜின் பாடியோடு பீப் அடிக்கக் கூடாது. ஒரு முனை எர்த் ஆன சிங்கிள் ஃபேஸ் காயிலுக்கு, ஏ.சி.யின் இரண்டு பாதியையும் பயன்படுத்தும் ஃபுல் வேவ் யூனிட்டை அப்படியே போட முடியாது, அந்த முனையை எர்த்திலிருந்து பிரித்துத் தனி ஒயராக வெளியே எடுக்க வேண்டும். எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டால் அதற்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷரும் போடுங்கள். அதன் பிறகும் நான்கும் சேர்ந்து மின்னினால், ஸ்பீடோமீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும் ஒற்றைப் பல்ப் வழியாகக் கரண்ட் மறுபக்கம் போகிறது. அந்தப் பல்புக்கு இரண்டு டயோடு வைத்தால் நின்றுவிடும்.

முதல் முறை பேட்டரி கொடுக்கும்போது

நேராக ஃபியூஸைப் போட்டுச் சாவியைத் திருப்பாதீர்கள். ஹெட்லைட், பிரேக் லைட் பல்புகளைக் கழற்றிவிட்டு, மெயின் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அதே 21 வாட் பல்பை இரண்டு ஒயர் வைத்து மாட்டுங்கள். சாவி ஆஃபில் பல்ப் எரியக் கூடாது. சாவியைத் திருப்பினால் மங்கலாக எரியலாம். முழு வெளிச்சம் வந்தால் எங்கோ ஷார்ட். பல்ப் கரண்ட்டை மட்டுப்படுத்துவதால் ஒயர் எரியாது, நிதானமாக ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிப் பார்க்கலாம். எதைக் கழற்றும்போது மங்குகிறதோ அந்த லைனில்தான் தப்பு. ஹெட்லைட் பல்ப் இருந்தால் அதன் லோடினாலேயே சோதனைப் பல்ப் பளிச்சென்று எரியும், அதனால்தான் முதலிலேயே கழற்றச் சொன்னேன்.

இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் நடுத்தர வேகத்தில் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆர்.ஆர். யூனிட்டையும் பல்புகளையும் கொன்றுவிடும்.

அப்புறம் ஹேண்டில்பாரை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெதுவாகத் திருப்புங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் போட்டபடியே திருப்புங்கள். எங்கேனும் ஒயர் இழுபட்டால், ஃபோர்க் ஸ்டாப்பருக்கு நடுவில் மாட்டினால், விளக்கு ஒரு கணம் அணைந்தால் அங்கே தளர்ச்சி கொடுங்கள். கழுத்துப் பகுதியில் ஜிப் டையை இறுக்கிவிடாதீர்கள். டேப் சுற்றுவதைக் கடைசிக்கு விடுங்கள். சில நாள் ஓட்டி, டேங்கைத் தூக்கி ஒயர் எங்காவது உரசியிருக்கிறதா என்று பார்த்த பிறகு சுற்றினால் போதும்.