மாடிஃபை செய்த காரில் பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் பெடலை மிதித்துப் பாருங்கள்

பெரிய டிஸ்க், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் நான்கு பிஸ்டன் கேலிப்பர், விலை கூடின பேட் எல்லாம் போட்டாயிற்று, ஆனால் கம்பெனி பிரேக் பிடித்த அளவுக்குக்கூட இப்போது பிடிக்கவில்லை. இப்படி இருந்தால் உடனே அடுத்த பாகம் வாங்க ஓடாதீர்கள். மாடிஃபை செய்த வண்டியில் பல நேரம் பாகம் எதுவும் கெட்டிருக்காது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல்தான் இருக்கும். எங்கேயாவது பிரேக் ஆயில் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கசிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். கசிவு இல்லையா, சரி, உட்கார்ந்து பெடலை மிதியுங்கள்.

பெடல் கல் மாதிரி இருந்தால், கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் பக்கம் போக வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதித்து, அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் பூஸ்டரைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு இன்ஜினிலிருந்து வேக்குவம் (உறிஞ்சும் இழுவை) வருகிறதா என்று ஒரு கேஜ் மாட்டிப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 18 முதல் 20 இன்ச் (பாதரச அளவு) வரை காட்டும், ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இன்ஜினில் இது 10 பக்கம்கூட இறங்கிவிடும், அப்போது முதல் மிதி நன்றாக இருந்து இரண்டாவது மிதி கட்டையாகிவிடும். டர்போ சேர்த்திருந்தால் பூஸ்டர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வையும் பாருங்கள். பூஸ்டரையே கழற்றிவிட்டவர்கள் பெடலை மாற்றினார்களா என்பது அடுத்த கேள்வி: பூஸ்டர் உள்ள வண்டியில் பெடல் விகிதம் (கால் பலத்தைப் பெடல் எத்தனை மடங்காக்குகிறது என்பது) சுமார் 4:1, இல்லாத வண்டிக்கு 6:1 பக்கம் வேண்டும்.

பூஸ்டர் சரியாக இருந்தும் பெடல் கட்டை என்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்தைப் பாருங்கள். 22.2 மிமீ இருந்த இடத்தில் 25.4 மிமீ போட்டால் பரப்பு 31 சதவீதம் கூடும், அதே கால் பலத்துக்கு ஆயில் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். பெரிசு போட்டால் நல்லா பிடிக்கும் என்கிற கணக்கு இங்கே தலைகீழ்.

பெடல் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. ஏர் எடுத்தும் போகவில்லையா? கேலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள், அது உச்சியில்தான் இருக்க வேண்டும். நான் இரண்டு லிட்டர் ஆயிலைக் கொட்டித் தீர்த்த பிறகுதான் இடது கேலிப்பரை வலது பக்கம் மாட்டியிருந்தது கண்ணில் பட்டது. பெடல் நீளமாகப் போகிறது, ஆனால் அடியில் கெட்டியாக நிற்கிறது, பம்ப் செய்தாலும் மேலே வரவில்லை என்றால் பெரிய கேலிப்பருக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதவில்லை என்று சந்தேகப்படலாம். பம்ப் செய்தால் மேலே வருகிறது என்றால் காற்று, அல்லது பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட், அல்லது வீல் பேரிங் ஆட்டம். வெளியே கசிவே இல்லாமல், மிதித்துப் பிடித்திருக்கும்போது மெதுவாகக் கீழே போனால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் உள் சீல்தான்.

பெடல் அருமையாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? பேட்தான் முதல் சந்தேகம். ரேஸ் பேட் சூடேறாமல் பிடிக்காது, தினசரி ஓட்டத்துக்கு அது வேண்டாம். புதுப் பேட்டைப் பதப்படுத்தாமல் (படிப்படியாகச் சூடேற்றி டிஸ்க்கோடு படியவைக்காமல்) விட்டாலும், கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தாலும் இதே கதைதான். அப்புறம் டயர்: மொத்த விட்டம் 10 சதவீதம் கூடினால் அதே பிரேக்குக்கு ரோட்டில் கிடைக்கும் பிரேக் விசை 9 சதவீதம் குறையும். ஆள் இல்லாத இடத்தில் நாலைந்து முறை பிரேக் போட்டு நிறுத்தி, டிஸ்க்கைக் கையால் தொடாமல் வெப்பமானி கன் வைத்து இடது, வலது இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின் (pin) இறுகியிருக்கலாம்.

முதலில் நன்றாகப் பிடித்து, சூடானதும் பெடல் மெத்தென்று ஆனால் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 (DOT 4) வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155. மாற்றும்போது டாட் 5.1 போடலாம், டாட் 5 வேண்டாம். அது சிலிகான், மற்றதோடு கலக்காது.