சென்னைக் கோடையில் சிறு பிள்ளையோடு: வீட்டிலும் வெளியிலும்

ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் சென்னை வீட்டில், பங்குனி பிறந்ததும் முதலில் மாற்றியமைக்க வேண்டியது அன்றாட நேர ஒழுங்கைத்தான். காலை ஆறு மணி முதல் எட்டரை வரையிலும் மாலை ஐந்தரைக்குப் பிறகும் பிள்ளை வெளியில் இருக்கலாம். இடைப்பட்ட ஒன்பது மணி நேரம் வீட்டுக்குள்ளோ நல்ல நிழலிலோ கழிய வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் சிறு பிள்ளையின் தோற்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம் என்பதாலும், அவர்களுக்கு வியர்ப்பது குறைவு என்பதாலும், நாம் தாங்கிக்கொள்ளும் வெயில் அவர்களை வெகு விரைவில் வாட்டிவிடும்.

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரையிலான அக்னி நட்சத்திர நாட்களில் எல்லோரும் கவனமாக இருக்கிறோம். கத்திரி முடிந்ததும் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகுதான் என்பதை நினைவில் வையுங்கள். இந்த நகரத்தின் வெப்பத்தைத் தீர்மானிப்பது பஞ்சாங்கத்தைவிடக் கடல்காற்றே. மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுவாக இருக்கும் நாளில் கடல்காற்று பிற்பகலில் வெகு தாமதமாகவே கரையேறுகிறது, சில நாள் வராமலே போகிறது. ஆகவே மாலையில் புறப்படுமுன் மொட்டை மாடிக்குச் சென்று, காற்று கிழக்கிலிருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

காலை நேரத்தைப் பிள்ளையின் ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். வாசல் தெளிக்கும்போது ஒரு சிறு சொம்பு, கோலமிடும்போது ஒரு சிட்டிகை மாவு, செடிகளுக்கு நீர் ஊற்றும்போது ஒரு பூவாளி எனப் பிள்ளைக்கும் வேலையில் ஒரு பங்கு இருக்கட்டும். வடாம் பிழியும் வழக்கம் இருக்கும் வீடுகளில் அதைவிடச் சிறந்த கோடை விளையாட்டு வேறில்லை என்பேன். கூழ் காய்ச்சும் அடுப்பருகே பிள்ளையை விடாமல், நன்றாக ஆறிய பின் மாடிக்குக் கொண்டுவந்து, பழைய வேட்டியை விரித்து, ஓரத்தில் பிள்ளைக்கென்று ஒரு சாண் இடம் ஒதுக்கிவிடுங்கள். தன் கையால் கிள்ளி வைத்த கூழ் மாலையில் மொறுமொறுப்பாகக் காய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்க்கும்போது அந்த முகத்தில் தெரியும் வியப்பை நான் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்திருக்கிறேன். எட்டரை மணிக்குள் தளம் சுடத் தொடங்கிவிடும். அதற்குமுன் இறங்கிவிட வேண்டும்.

குடிநீரைப் பொறுத்தவரை, இந்த வயதில் தாகத்தைச் சொல்லத் தெரியாது என்பதால், கேட்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு முறை சில மிடறு கொடுத்துக்கொண்டே இருங்கள். பச்சை மிளகாய் சேர்க்காமல் உப்பை வெகுவாகக் குறைத்த நீர்மோர், இளநீர், தண்ணீராகக் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஆகியவை ஏற்றவை. பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்; வயிறு பாலால் நிறைந்துவிட்டால் சோறும் பருப்பும் கீரையும் உள்ளே போகாமல் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு வழி ஏற்படும். நுங்கைத் தோல் நீக்கி மசித்தே ஊட்டுங்கள், ஏனெனில் முழுச் சுளை வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவதும், தர்பூசணியின் விதைகளை எடுத்துவிடுவதும் அதே காரணத்துக்காகத்தான். தள்ளுவண்டியில் முன்கூட்டியே நறுக்கி வைத்த பழங்களையும், எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் இளநீர் மட்டும் போதாது. அதில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியின் பொட்டலத்தில் குறிப்பிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், அது ஒரு லிட்டராக இருந்தாலும் 200 மில்லியாக இருந்தாலும், முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பேதியான பின்பும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் கடைகளில் விற்கப்பட்டு வந்ததால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அப்பெயரைப் பானங்களுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை முறை என்ற குறிப்பு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, அழும்போது கண்ணீர் வராமல் போனாலோ, கண்கள் குழிந்து பிள்ளை துவண்டு கிடந்தாலோ, வீட்டு மருத்துவத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நண்பகல் தூக்கத்துக்கானது. பகலும் இரவும் சேர்த்து, இரண்டு வயது நிறையும்வரை 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. பன்னிரண்டரை மணிக்குள் சாப்பாட்டை முடித்து, சாளரத் திரைகளை இழுத்துவிட்டு, பருத்திப் புடவையால் கட்டிய தூளியிலோ தரையில் விரித்த கோரைப் பாயிலோ படுக்க வைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மணி நேரம் உறங்குகிறார்கள். வேர்க்குரு வந்தால் பவுடரைக் கொட்டாதீர்கள். அது மூச்சில் போகும், வியர்வைத் துளைகளையும் அடைக்கும். இரு வேளை குளியலும் தளர்வான பருத்திச் சட்டையும் காற்றோட்டமுமே அதற்கு மருந்து. வீட்டிலிருக்கும்போது சில மணி நேரம் டயப்பரைக் கழற்றி விடுவதும் உதவும். துணி விரைவில் உலரும் இந்தப் பருவத்தைக் கழிப்பறைப் பழக்கம் தொடங்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். குளியலறையில் தண்ணீரோடு விளையாட விடும்போது பெரியவர் ஒருவர் கையெட்டும் தொலைவிலேயே இருந்து, முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். சில அங்குலத் தண்ணீரில்கூடச் சிறு பிள்ளை மூழ்கிவிடும்.

வெளியில் செல்வதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி, ஒரு நாளுக்கு ஓர் இடம், அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம், பிள்ளை களைப்பதற்கு முன்பே திரும்புவது என்பதாகும். கிண்டி சிறுவர் பூங்காவில் மர நிழல் அடர்ந்திருப்பதால், அங்கு மட்டும் காலை வரம்பைச் சற்றுத் தளர்த்தி, திறந்தவுடன் நுழைந்து பத்தரைக்குள் வெளியேறிவிடுகிறோம். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்புள்ளது. மே மாதத்தில் இரண்டு வயதுப் பிள்ளையோடு அதைச் சுற்றுவது யாருக்கும் இன்பம் தராது என்பதால், அதை மார்கழிக்கு ஒதுக்கி வையுங்கள். 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டினால் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். வெள்ளிக்கிழமை தவிர்த்து மற்ற நாட்களில் செல்லலாம். கோயிலுக்கு வெறுங்காலோடு செல்ல வேண்டியிருப்பதால், பிரகாரத்துக் கல்லை முதலில் உங்கள் காலால் சோதியுங்கள். பகலெல்லாம் காய்ந்த கருங்கல் பொழுது சாய்ந்த பின்பும் வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும்.

இருசக்கர வாகனத்தில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைக்குத் தலைக்கவசமும், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் 2023 பிப்ரவரி 15 முதல் கட்டாயம். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம் என்றாலும் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. வெயிலுக்காகக் குழந்தை வண்டியின் மேல் துணி போர்த்தினால் உள்ளே வெப்பம் தேங்கும். குடை பிடிப்பதே சரி.

எலியட்ஸ் கடற்கரைக்கு மார்ச் முதல் மே வரை ஒரு முறையேனும் மாலையில் செல்லுங்கள். பெசன்ட் நகர்க் கரையில் வேலியிட்டுக் காக்கப்படும் முட்டைகளிலிருந்து பொரிந்துவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகளை அப்பருவத்தில் கடலில் விடுகிறார்கள். கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள், ஏனெனில் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசையறிகின்றன. பிள்ளையைத் தரையில் விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதுகாவலர்கள் காட்டும் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். திரும்புமுன் ஒரு பாட்டில் தண்ணீரால் பிள்ளையின் கால் விரலிடுக்குகளிலும் தொடை மடிப்புகளிலும் இருக்கும் மணலைக் கழுவி, உலர்ந்த சட்டையை மாற்றிவிட்டால், வழியிலேயே தூங்கிவிடும் பிள்ளையை எழுப்பாமல் படுக்கையில் கிடத்திவிடலாம்.