பெருந்தொற்றுக் காலத்தில் பப், பீர் ஆலைப் பங்குகளை எடைபோடும் முறை

2020 மார்ச் 20 அன்று பிரிட்டனின் பப்களை மூட அரசு உத்தரவிட்டபோது விற்பனை ஒரே இரவில் நின்றது. வாடகையும் கடன் வட்டியும் நிற்கவில்லை. ஆகவே பப் நிறுவனப் பங்கை வாங்குமுன், விலை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதைவிட, கதவுகள் மூடியிருக்கையில் மாதந்தோறும் எவ்வளவு பணம் கரைகிறது, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதையே முதலில் நிறுவன அறிக்கையில் தேடிப் பாருங்கள். கட்டடங்கள் சொந்தமா, குத்தகையா என்பதையும் கவனியுங்கள். சொந்தமானால் அடகு வைக்கலாம், விற்கலாம்.

புதிய பங்கு வெளியீட்டையும் கணக்கில் கொள்ளுங்கள்: பிரிட்டிஷ் பப் நிறுவனமான மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் 2021இல் 35.1 கோடி பவுண்டு திரட்டியபோது, அதில் பங்கேற்காதவர்களின் உரிமை விகிதம் குறைந்தது.

பீர் ஆலைகளில், கடைகளுக்குப் புட்டியும் கேனும் விற்பவையே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகின்றன. பப்கள் மூடினால் பீப்பாய் பீர் தேங்கிக் கெட்டுவிடும்.