காபிக்கடைச் சுவரில் ஓவியம்: இடம் கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் புதிதாகத் திறக்கும் காபிக்கடைகள் பலவற்றில் ஒரு சுவரை ஓவியங்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். படத்துக்குக் கீழே பெயர் எழுதிய சின்ன அட்டை இருக்கும். நல்ல காரியம்தான். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியிலிருந்து படித்து வெளியே வரும் ஒருவருக்கு, ஹால் வாடகை கொடுக்காமல் படம் மாட்ட ஓர் இடம் கிடைப்பது லேசான விஷயம் இல்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து அதே கடைக்குப் போனால், அதே படங்கள் தூசி படிந்து தொங்கும், இல்லையென்றால் அங்கே பெரிய டிவி வந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே மாதிரித் தவறுகள்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு நினைப்பு: இடம் கொடுத்ததே பெரிய உதவி என்பது. "நாலு பேர் பார்ப்பாங்கல்ல, உங்களுக்கும் விளம்பரம்தானே" என்பார்கள். கேன்வாஸ், வண்ணம், ஃப்ரேம், படத்தைக் கொண்டுவந்த ஆட்டோ வரைக்கும் ஓவியரின் கைக்காசு. அதே சுவரை அழகுபடுத்த இன்டீரியர் ஆளைக் கூப்பிட்டிருந்தால் பில் வந்திருக்கும். படம் விற்றால்தான் ஓவியருக்குக் காசு. விற்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லாத சுவரில் உதவி செய்பவர் ஓவியர், வாங்கிக்கொள்பவர் கடைக்காரர்.

விற்க ஏற்பாடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தொடக்க நாளில் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், பேசுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். மறுநாள் ஒரு வாடிக்கையாளர், "இந்தப் படம் என்ன விலை?" என்று கேட்டால், "தெரியல சார், ஓனர் வந்தாதான் கேக்கணும்" என்கிறார் டேபிளில் இருக்கும் தம்பி. அந்த வாடிக்கையாளர் திரும்பி வரப்போவதில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவருக்காவது படம், ஓவியர், விலை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். காபிக்குப் பில் போடும் கவுன்டரிலேயே படத்துக்கும் பணம் வாங்க வழி வேண்டும். விற்ற படத்தின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டி, காட்சி முடியும்வரை அங்கேயே விடுங்கள். ஒரு புள்ளியைப் பார்த்தால் அடுத்தவருக்கும் கை நீளும்.

விலையிலும் ஒரு பிசகு உண்டு. 250 ரூபாய்க்குக் காபி குடிக்க வந்தவர் முன்னால் 60,000 ரூபாய் கேன்வாஸ்களை மட்டும் வரிசையாக மாட்டினால் அவர் ரசிப்பார், வாங்க மாட்டார். சின்ன அளவுப் படங்கள், கையெழுத்திட்ட பிரதிகள், அஞ்சலட்டைகள் பக்கத்தில் இருக்கட்டும். இதைக் கேவலமாக நினைக்கும் ஓவியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோழமண்டலத்தை நினைவுபடுத்தலாம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கலைஞர் கிராமம் எழுந்ததற்குப் பணம் பெரும்பகுதி பாத்திக் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றும்) துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்று வந்ததுதான். அதனால் அவர்களுடைய ஓவியத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

அப்புறம் நம் ஊர் வெயிலும் ஓதமும். இடம் கொடுக்கிறவர்கள் யோசிக்காத விஷயம் இதுதான், நஷ்டம் அதிகம் வருவதும் இதில்தான். மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்கு எதிரில் வாட்டர்கலர் மாட்டினால் சில மாதங்களில் நிறம் வெளுத்துவிடும். காகிதத்தில் வரைந்த படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களின் பழைய கணக்கு. காபிக்கடையில் அதை அப்படியே கடைப்பிடிக்க முடியாது, ஆனால் நேர் வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுக்க முடியும். எஸ்பிரெஸ்ஸோ மெஷினின் ஆவி, சமையலறையின் எண்ணெய்ப் புகை இரண்டும் எட்டாத இடமாகவும் இருக்கட்டும். பகல் முழுக்க ஏசி ஓடி, இரவில் அணைந்ததும் ஈரம் ஏறும். காகிதப் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடாவிட்டால் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சை வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் எதையுமே மாட்டக் கூடாது. மார்கழி சீசன் கூட்டத்தை நம்பி டிசம்பரில் காட்சி வைப்பவர்கள் இதை நவம்பரிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

மாட்டும் உயரமும் முக்கியம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருப்பது கேலரி வழக்கம். நின்று பார்ப்பவருக்கு அது சரி. சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவரில் அதே கணக்கைப் போட்டால், ஒரு பெரிய கேன்வாஸின் கீழ்ப்பகுதியில் தேங்காய் எண்ணெய் தலைகள் சாயும். நான் பார்த்த ஒரு கடையில் சாம்பல் நிற வானத்துக்குக் கீழே வட்டமாக ஒரு கறை இருந்தது. அதையும் ஓவியர் வரைந்ததாகவே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கறைக்கு யார் பொறுப்பு? "பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்களிடம் ஒப்படைத்த பொருளை, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். படம் உள்ளே வரும்போதே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, எத்தனை படம், என்ன அளவு, என்ன விலை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கமிஷன் எவ்வளவு என்பதும் அதே தாளில் வரட்டும். பெரிய கேலரிகள் விலையில் பாதிவரைகூட எடுப்பதுண்டு, ஆனால் அவர்கள் வாங்குபவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். சுவர் மட்டும் கொடுக்கும் கடை அந்த விகிதத்தைக் கேட்பது நியாயமில்லை. விற்ற பணம் எத்தனை நாளில் ஓவியர் கைக்கு வரும் என்பதையும் எழுதுங்கள். ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்.

படம் கடையில் இருக்கிறது என்பதற்காக அதை மெனு கார்டிலும் காபிக் கோப்பையிலும் அச்சடிக்க முடியாது. படத்தை விலைக்கே வாங்கியிருந்தாலும் முடியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் கைமாறுவதால் பதிப்புரிமை கைமாறுவதில்லை. அதற்கு எழுத்துமூலமான தனி ஒப்பந்தம் வேண்டும்.

சுவரிலேயே நேரடியாக வரையச் சொல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெல்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசு கழற்றி, கிடங்கில் போட்டது. அவர் வழக்குப் போட்டார். சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. சிற்பத்துக்கு முழு விலை கொடுத்த அரசுக்கே அந்த நிலை. இரண்டு வருடம் கழித்து வெள்ளை அடிப்பீர்கள் என்றால், வரைவதற்கு முன்பே சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

யார் படத்தை மாட்டுவது என்பதில் சொந்தக்காரப் பிள்ளைகள் நுழைவது எல்லா ஊரிலும் உண்டு, அதை விடுவோம். ஆனால் மாட்டிய படத்தை ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தார் என்று மறுநாள் இறக்குவது மோசம். உங்கள் கடைக்கு எது ஒத்துவராது என்பதைத் தேர்வின்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசி நாளையும் முதலிலேயே குறித்துவிட வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம் ஒரு காட்சிக்குப் போதும், அதற்கு மேல் தினமும் வருபவர்கள் சுவரைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். விற்காத படங்களை யார் எடுத்துப்போவது, வண்டிச் செலவு யாருடையது, ஆணித் துளைகளை யார் அடைப்பது என்று முன்பே பேசாத இடங்களில், படங்கள் சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி சாய்ந்துகிடக்கும். ஓவியர் போன் செய்து கேட்கவும் கூச்சப்படுவார். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.