பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பது எப்படி?

அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராகி, ஓட்ஸ் என்று முகப்பில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. சரி, இப்போது அதைத் திருப்புங்கள்.

முதலில் 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று தொடங்கும் பொடி எழுத்துப் பத்தியைத் தேடுங்கள். இந்திய விதிப்படி, சேர்பொருட்களை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும். எது அதிகமோ அது முதலில் வரும். முதல் மூன்று பெயர்களிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றால் வேறொன்றுமில்லை, நம்ம மைதாதான். 'வீட்' என்ற சொல்லைப் பார்த்து, கோதுமை மாவு என்று நம்பிப் பல மாதம் வாங்கியவன் நான். மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் வந்தபிறகு ராகி வருகிறதா? பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முகப்பில் ஒரு பொருளைப் பெரிதாகச் சொன்னால் அதன் அளவையும் போட வேண்டும் என்பது விதி.

சர்க்கரையை மட்டும் ஒரு பெயரில் தேடினால் போதாது. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் அதன் உறவுக்காரர்கள்தான். நாலு பெயராகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் வரிசையில் கீழே போய்விடும்.

அப்புறம் சத்து அட்டவணை. 'பெர் சர்வ்' (ஒரு தடவை சாப்பிடும் அளவு) என்ற பத்தியை விட்டுவிட்டு, 100 கிராமுக்கான பத்தியைப் பாருங்கள். மிக்சர் பாக்கெட்டில் ஒரு சர்வ் 30 கிராம் என்று போட்டிருக்கலாம். டீ நேரத்தில் 30 கிராமோடு கையை எடுத்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டு பிராண்டுகளை ஒப்பிடவும் 100 கிராம் கணக்குதான் சரி.

அதில் சர்க்கரையின் கிராம் அளவை 4 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை டீஸ்பூன் என்று தெரியும். உப்பு, 'சோடியம்' என்ற பெயரில் மில்லிகிராமில் இருக்கும், 2.5 ஆல் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. லேபிள்கள் ஒரு நாளுக்கு வைத்திருக்கும் கணக்கே 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்புதான். ஊறுகாய், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வாங்கும்போது இந்தப் பெருக்கலைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

'நோ ஆடட் சுகர்' என்றால் சர்க்கரையே இல்லை என்று அர்த்தமில்லை. தனியாகச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். பழச்சாற்றில் பழத்தின் சர்க்கரை இருக்கவே செய்யும்.

மற்றவை சுலபம். பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். வேர்க்கடலை, பால் போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் 'கன்டெய்ன்ஸ்' வரியை விடாதீர்கள்.

கடைசியாகத் தேதி. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசியும் தரமும் குறையாமல் இருக்கும் காலம். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பயரி' தாண்டினால் சாப்பிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரைத் தூக்கிப் போடுகிறவரா நீங்கள்? தேதி உள்ள துண்டை மட்டும் வெட்டி, டப்பாவின் மேல் ஒட்டிவிடுங்கள்.